மூன்றாவது கூப்பாடு

"கொஞ்சம் சிரிங்க மேடம்" என்கிறாள் கேமராவுக்குப் பின்னால் நிற்கும் பெண். எதற்குச் சிரிக்க வேண்டும். நெட்வொர்க் சான்றிதழுக்குப் பரீட்சை எழுத வந்திருக்கிறேன், வளைகாப்புக்கு வரவில்லை. "இந்த போட்டோதான் ரிசல்ட் பேப்பர்ல வரும் மேடம், அதுக்குத்தான் சொன்னேன்." வரட்டும். இந்த மூஞ்சியே வரட்டும். திங்கட்கிழமை அந்தக் காகிதத்தை ஆஸ்பத்திரி மேசையில் வைக்கும்போது தாமு பார்க்க வேண்டியது இந்த மூஞ்சியைத்தான். சிரிக்கிற மூஞ்சியை அவன் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று, சாப்பிட்டியாடா என்று கேட்ட மூஞ்சி, அவன் தங்கச்சி கல்யாணத்தில் பந்தியில் நின்று பாயசம் ஊற்றிய மூஞ்சி, அதெல்லாம் இனி கிடையாது, கடையை மூடியாச்சு. எடுத்துவிட்டாள். பேர் சரிபார்க்கிறாள். "இந்திராணிதானே மேடம்?" ஆமாம், அடையாள அட்டையில் இந்திராணி, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் இந்திராக்கா, முதுகுக்குப் பின்னால் வேறு என்னென்னவோ. பையில் இருப்பதை வெளியே வைக்கச் சொல்கிறாள். டெஸ்டர், கிரிம்பிங் டூல், நீலமும் ஆரஞ்சுமாய் ஒயர் நறுக்குகள், தயிர்சாத டப்பா. "இதெல்லாம் என்ன மேடம்?" "பொழப்பு." காலையில் கிண்டியில் ஒரு ஆபீசுக்குக் கேபிள் இழுத்துவிட்டு நேராக வருகிறேன், இங்கே முடித்ததும் அம்பத்தூர் போக வேண்டும், அங்கே இன்னொருத்தன் எடுத்த வேலை, நான் கூலிக்கு. கைமடிப்பைச் சுருட்டிக் காட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கொடு, காதைக் காட்டு. "கம்மல்ல கேமரா வச்சிருக்கேனான்னு பாக்குறியாம்மா?" "ரூல் மேடம்." பாவம், அவள் மேல் எனக்கென்ன கோபம். என் கோபத்துக்கு ஒரே ஒரு முகவரிதான், அது இப்போது புதுப்பேட்டையில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ், தாமோதரன் நெட்வொர்க்ஸ் என்று நீல எழுத்தில் பலகை. போனை அணைத்து லாக்கரில் வைக்கிறேன். அணைக்கும்போது ஒரு தரம் பார்த்துக்கொண்டேன், அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வராது. இன்னும் நேரம் வரவில்லை. வரும்.

உள்ளே குளிர் ஊசியாய்க் குத்துகிறது. வரிசையாய்த் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு திரை, என்னைத் தவிர எல்லாம் காலேஜ் வாசம் போகாத பிள்ளைகள், ஒருத்தன் என்னைப் பார்த்து பெருக்க வந்த அம்மாவோ என்று யோசிக்கிறான், யோசி ராசா. அழித்து அழித்து எழுத ஒரு பலகை, ஒரு பேனா. முதல் கேள்வி வந்துவிட்டது, இங்கிலீஷில் ஏழெட்டு வரி, ஒரு சொல்லைப் பிடித்து அடுத்த சொல்லுக்குக் கால் வைத்து நடக்கிறேன், தெரியும், இது தெரியும், ஒரு நெட்வொர்க்கை நான்காய் உடைக்கிற கணக்கு. தெருவை நான்கு துண்டாய்ப் போடு, ஒவ்வொரு துண்டிலும் முதல் கதவும் கடைசிக் கதவும் யாருக்கும் கிடையாது, நடுவில் இருப்பதில்தான் குடித்தனம். அப்படித்தான் மண்டையில் ஏற்றினேன். ஆடி பிறந்தபோது ஆரம்பித்தது, ஆவணி இன்னும் முடியவில்லை, ஒரு வருஷம் படிக்கிறார்கள் இதை, எனக்கு எவன் ஒரு வருஷம் கொடுத்தான். பொய்க்கூரைக்கு மேலே, தூசிக்குள்ளே, இடுப்பு வரை உள்ளே போய் ஒயரை இழுத்துக்கொண்டு, ஒரு காதில் போனில் ஓடுகிற பாடம். வடக்கத்திக்காரன் ஒருத்தன், வார்த்தைக்கு வார்த்தை கைஸ் கைஸ் என்பான், நான் கைஸும் இல்லை ஒன்றும் இல்லை, நாற்பது தாண்டிய பொம்பளை, வாயில் ஸ்குரூவைக் கடித்துக்கொண்டு அவன் சொல்வதைத் திருப்பிச் சொல்வேன். கீழே ஏணியைப் பிடித்தபடி பாஷா பாய் கேட்பார், "யக்கா, மேல யாரோட பேசிக்கினு கீறே?" "ரூட்டரோட." "இன்னா சொல்து?" "வழி தெர்லயாம்." "நமக்கு மட்டும் தெர்து பாரு." அவருக்கு ஐம்பத்தைந்து வயசு, என்னோடு மிச்சமிருக்கிற ஒரே ஆள், மற்றவர்களைத் தாமு கண்ணாடிக் கதவுக்குள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டான். பரீட்சை விஷயம் பாஷா பாய்க்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லக்கூடாது பாய் என்றேன். "நம்ம வாயி கான்கிரீட்டு யக்கா" என்றார். அந்தக் கான்கிரீட்டில் எத்தனை விரிசல் என்று எனக்குத் தெரியும். கண்ணாடிக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்த கண்காணிப்பு ஆள் எழுந்து வருகிறான், தோளுக்குப் பக்கத்தில் குனிகிறான், "மேடம், உதடு அசையுது, சத்தம் வருது." "சத்தம் இல்லாம படிச்சா எனக்கு ஏறாது சார்." "ரூல் மேடம்." வாயை மூடிக்கொண்டே படி என்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு நான் எதைச் செய்திருக்கிறேன் இந்த வயசு வரைக்கும். பேனா மூடியைப் பல்லுக்கு இடையில் வைத்துக் கடித்துக்கொள்கிறேன். இப்போது சொற்கள் உள்ளேயே சுற்றுகின்றன, வெளியே போக வழியில்லாத புகை மாதிரி, அதோடு சேர்ந்து அவனும் சுற்றுகிறான், தாமு, தாமோதரன், இதே பரீட்சைக்கு அவன் படித்தபோது அவனுக்கு இந்தக் கஷ்டம் ஏது. நீ படிடா, வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவன் பங்குக் கேபிளையும் நான் இழுத்தேன், அவன் பார்க்க வேண்டிய ஆபீஸ்களையும் நான் பார்த்தேன், அவன் எங்கள் கடையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேள்வித்தாள் திருட்டுக் கட்டு ஒன்றை உருப்போட்டான். சேர்ந்து தொழில், அதில் ஒருத்தர் பாஸ் பண்ணினால் போதும், காகிதம் அவன் பேரில் இருந்தால் என்ன என் பேரில் இருந்தால் என்ன. இப்படித்தான் பேசினேன் அப்போது. என் வாயில்தான் வந்தது. அடுத்த கேள்வி. இது தெரியும். அடுத்தது. இதுவும். அடுத்தது.

இதைப் பார். இரண்டு நெட்வொர்க் ஸ்விட்சுகளை இணைக்க எந்தக் கேபிள். என்னிடமா கேட்கிறாய் இதை. சென்னையில் எத்தனை கட்டடத்து வயிற்றுக்குள் கை விட்டிருக்கிறேன். புத்தகம் குறுக்குக் கேபிள் என்று சொல்லும், கைஸ்காரனும் அதைத்தான் சொன்னான், ஆனால் இப்போது வருகிற ஸ்விட்சுக்கு எதைச் சொருகினாலும் அதுவே பார்த்துச் சரி பண்ணிக்கொள்ளும், நேர்க் கேபிள் போட்டு வருஷக்கணக்காய் ஓடுகிறது, நானே போட்டது. அப்படியானால் எதைக் குறிக்க. கேட்பவன் பழைய ஆளா புது ஆளா. கேள்வியில் எங்காவது பொடி எழுத்தில் வருஷம் போட்டிருக்கிறானா என்று பார்க்கிறேன், இல்லை. இவன் என்னை முறைக்கிறான், நான் இவனை முறைக்கிறேன். சரி போ. இரு, அப்புறம் வருகிறேன் உன்னிடம். அடுத்தது என்கிற பொத்தானை அமுக்குகிறேன், ஒரு பெட்டி குதித்து வந்து என்னவோ கேட்கிறது, சரி, சரி என்று அதையும் அமுக்குகிறேன், எந்தக் கம்ப்யூட்டரில் எந்தப் பெட்டி வந்தாலும் அப்படித்தான், படித்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா. அடுத்த கேள்வி வந்துவிட்டது. அதை முடித்துவிட்டுத் திரும்பலாம் என்று இடப்பக்கம் பார்க்கிறேன். பொத்தான் இல்லை. மேலே, கீழே, மூலையில். முன்னால் போக ஒன்று இருக்கிறது, பின்னால் போக ஒன்றும் இல்லை. கையைத் தூக்குகிறேன். அவன் வருகிறான். "சார், முந்தின கேள்விக்கு எப்படிப் போறது?" "போக முடியாது மேடம். ஆரம்பத்துலயே போட்டிருந்தாங்களே, விட்டா விட்டதுதான்." "நான் விடல சார், அப்புறம் வரலாம்னு வச்சேன்." "சிஸ்டம் மேடம்." சிஸ்டம். அவன் போய்விட்டான். ஒரு கேள்வி தானே, போகட்டும், ஒரு கேள்வியில் என்ன. ஆனால் திரும்பிப் போக வழியில்லாமல் நிற்பது எனக்குப் புதிது இல்லை, ஆஸ்பத்திரி நடைவழியில் ஒரு தரம் நின்றிருக்கிறேன்.

எழுந்து போவதுதான் என் தொழிலே. ரிச்சி தெருவில் எவனை வேண்டுமானாலும் கேள், இந்திராக்கா எப்படி விலை பேசும் என்று. பிளாட்பாரத்தில் பழைய கீபோர்டு விற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே கற்றுக்கொண்டது, வேண்டும் என்று முகத்தில் தெரிந்தால் செத்தாய். கடைக்காரன் ஒரு விலை சொல்வான், நான் சாமானை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பேன், கட்டுபடியாகாதுண்ணே, எழுந்துவிடுவேன், நடந்துவிடுவேன். ஆனால் ஓட்டமாய் நடக்கக்கூடாது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்திலேயே நடக்க வேண்டும், பை வாரைச் சரிசெய்து, செருப்பில் கல் புகுந்த மாதிரி ஒரு உதறு உதறி. தாமு கடையிலேயே நிற்பான். அவன் வேலை அது, நான்தான் பழக்கினேன், வந்த புதிதில் வாயைத் திறக்கவே பயப்படுவான். அவன் சொல்வான், "அண்ணே, அக்கா கோவக்காரங்க, போனா போனதுதான், எனக்குத்தான் தெரியும். கடைசி விலை சொல்லுங்க, நான் கூப்பிட்டுப் பாக்குறேன்." அப்புறம் கூப்பிடுவான். முதல் கூப்பாட்டுக்குத் திரும்பக்கூடாது, அது தாமு சும்மா போடுகிற குரல். இரண்டாவதுக்கும் கூடாது, கடைக்காரன் பாதி மனசாய் இருக்கிறான் என்று அர்த்தம். மூன்றாவது கூப்பாடு வேறு மாதிரி வரும், அக்கா வாங்கக்கா என்று இழுத்து, அதில் விலை விழுந்த சத்தம் இருக்கும், அதற்குத்தான் திரும்ப வேண்டும். திரும்பி, சலித்துக்கொண்டே வந்து உட்கார வேண்டும். அத்தனை வருஷத்தில் அந்த மூன்றாவது கூப்பாடு வராமல் போனதில்லை. அதனால்தான் ஆஸ்பத்திரியிலும் எழுந்தேன். நாலு கட்டடம், அத்தனை கம்ப்யூட்டருக்கும் ஒயர் போட்டுப் பராமரிக்கிற ஒப்பந்தம், அந்த மாதிரி ஒன்று கிடைத்தால் அப்புறம் எவன் கடை வாசலிலும் நிற்க வேண்டாம். மேசைக்கு அந்தப்பக்கம் நிர்வாக அதிகாரி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இன்னும் குறைங்க என்றார். கட்டுபடியாகாது சார் என்றேன், எழுந்தேன், கதவைத் திறந்தேன், நடந்தேன். தாமு உள்ளே உட்கார்ந்திருந்தான், அவன் இடத்தில், அவன் வேலைக்கு. நடைவழியில் பினாயில் வாசம். பை வாரைச் சரிசெய்தேன். செருப்பை உதறினேன். லிஃப்ட் வரைக்கும் போகவில்லை, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நின்றேன், சுவரில் கை கழுவும் முறை என்று ஒரு விளக்கப் படம், உள்ளங்கையோடு உள்ளங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், படித்தேன், திரும்பவும் படித்தேன், மனப்பாடம் ஆகிற வரைக்கும் படித்தேன். முதல் கூப்பாடே வரவில்லை. ஒரு நர்ஸ் யாரைப் பார்க்கணும் என்று கேட்டுவிட்டுப் போனாள். கதவு திறந்தபோது தாமுவும் அந்த அதிகாரியும் சேர்ந்து வந்தார்கள், அவர் கை இவன் தோளில், இவன் கையில் கோப்பு. என்னைப் பார்த்து நின்றான். "அய்யோ அக்கா, இங்கேயா இருக்கீங்க? நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சேன்." போயிட்டீங்கன்னு நெனச்சேன். நான் போவேனா என்று அவனுக்குத் தெரியாதா. உலகத்திலேயே அது தெரிந்த ஒரே ஆள் அவன். காகிதம் அவன் பேரில் இருந்தது, அதனால் ஒப்பந்தமும் அவன் பேரில், சட்டப்படி எல்லாம் சரி, ஒரு எழுத்துக் குற்றம் கிடையாது. போயிட்டீங்கன்னு நெனச்சேன். இரண்டு வருஷமாய் இந்த ஒரு வாக்கியத்தை மெல்கிறேன், இன்னும் விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கண்காணிப்பு ஆள் பார்க்கிறான். உதடு அசைந்திருக்கும். மூடியைக் கடித்துக்கொள்கிறேன். திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வருகிறது, ஆட்டோ மீட்டர் ஏறுவதைப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி, நான் மீட்டர் ஆட்டோவில் ஏறினதே கிடையாது, ஏறுவதற்கு முன்னாலேயே பேசிவிடுவேன். இதோடு பேச முடியாது. இந்தச் சனியனோடு ஒன்றும் பேச முடியாது, இரண்டு விடைக்கு நடுவில் ஒரு விடை தருகிறேன் முடித்துக்கொள் என்றால் கேட்காது. படி இந்திராணி. ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் தபால் எந்தத் தெரு வழியாய்ச் சுற்றிப் போகும் என்கிற மாதிரி ஒரு கேள்வி, குறித்தேன். அடுத்தது புரியவே இல்லை, குருட்டாம்போக்கில் ஒன்றைக் குறித்தேன். அடுத்ததும் அப்படியே. இரண்டு குருட்டடி சேர்ந்து வந்துவிட்டது. விழுந்துவிட்டால். விழுந்துவிட்டால் என்ன ஆகும், திரும்ப எழுத இடைவெளி விட வேண்டும் என்று விதி, அதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் புது டெண்டர், தாமுவின் ஒப்பந்தம் முடிகிறது, டெண்டர் போடுகிறவர்களிடம் காலாவதி ஆகாத சான்றிதழ் ஒன்றாவது இருக்க வேண்டும். மூன்று வருஷம்தான் அந்தக் காகிதத்துக்கு உயிர். தாமு பாஸ் பண்ணின தேதியை அவன் மறந்திருப்பான், நான் மறக்கவில்லை, அன்றைக்குத் தெருவுக்கே நான்தான் மைசூர்பாகு கொடுத்தேன். இந்த மாசம் அது செத்துப்போயிற்று. போன வாரம் அவன் அவசரமாய் வந்து எழுதினான், இதே கட்டடமாய்த்தான் இருக்கும், ஒருவேளை இதே நாற்காலி. பாஷா பாய்தான் கேள்விப்பட்டு வந்தார், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார், "யக்கா, உன் ஆளு பரீட்சையில ஊத்திக்கினான். கேள்வியெல்லாம் மாத்திட்டானுங்களாம், பழைய கட்டு வேலைக்காவலியாம்." எனக்கு அந்த டீ இனித்த மாதிரி எதுவும் இனித்ததில்லை. ஆனால் அன்று சாயங்காலமே பயமும் வந்தது. அவனுக்கே ஊற்றிக்கொண்டது என்றால். அவன் ஏற்கெனவே ஒரு தரம் பாஸ் பண்ணினவன், நான் தூசியில் ஒற்றைக் காதில் படித்தவள். நான் இன்று விழுந்தால் அவனும் இல்லை நானும் இல்லை, எவனோ மூன்றாவது ஆள் உள்ளே போய் உட்காருவான், நான் அம்பத்தூரிலும் கிண்டியிலும் அடுத்தவன் பேரில் கேபிள் இழுத்தே முழங்கால் தேய்ந்து போவேன். கூடாது. அடுத்தது. தெரியும். குறித்தேன். பார் தாமு, தெரியும். திங்கட்கிழமை நீ அந்த நடைவழியில் உட்கார்ந்திரு. காகிதம் இல்லாதவர்கள் வெளியே இருங்க என்று சொல்வார்கள். சொல்லாவிட்டால் நான் சொல்வேன். என்ன சொல்வேன். என்ன தம்பி, இங்கேயா இருக்க என்பேன். இல்லை, தம்பி வேண்டாம், மிஸ்டர் தாமோதரன் என்பேன், அதுதான் ஆழமாய் இறங்கும். இல்லை, ஒன்றுமே சொல்லாமல் அந்தக் கை கழுவும் படத்தைக் காட்டிவிட்டு உள்ளே போவேன். வண்டி ஓட்டும்போது, சிக்னலில், பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகவே இவற்றைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எல்லா வசனமும் சொல்லி முடித்த கணம் சப்பென்று போய்விடுகிறது. இன்னும் கூர்மையாய் ஒன்று வேண்டும். ஒரே வாக்கியம், உள்ளே போனால் வெளியே எடுக்க முடியாத மீன்முள் மாதிரி. அடுத்தது. இது கடைசியாம். கடைசியா. முடிந்தேவிட்டதா. குறித்துவிட்டேன். அந்த ஒரு கேள்வி பின்னால் எங்கேயோ திறந்த கதவாய்க் கிடக்கிறது, அதை நினைக்காதே.

முடிக்கவா என்று பெட்டி கேட்கிறது. இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாய்ப் படித்துவிட்டு அமுக்குகிறேன். ரிசல்ட் வரவில்லை. வேறு கேள்விகள் வருகின்றன, இது பரீட்சை இல்லையாம், கருத்துக் கேட்கிறார்களாம், மையத்தில் சுத்தம் எப்படி இருந்தது, நாற்காலி வசதியாக இருந்ததா, உயிர் தொண்டையில் நிற்கிறது இவனுக்கு நாற்காலி கவலை. இந்தத் தேர்வை எழுதக் காரணம் என்ன. பதவி உயர்வு. புது வேலை. நிறுவனம் கேட்டுக்கொண்டது. சொந்த ஆர்வம். நான்கையும் மேலிருந்து கீழே படிக்கிறேன், கீழிருந்து மேலே படிக்கிறேன். ஒருத்தன் கண்ணில் விரலை விட்டு ஆட்டுவதற்கு என்று ஒன்று கூட இல்லை. கடைசியில் பிற என்று ஒரு கட்டம். அதில் புள்ளி வைத்தேன். என் அத்தனை எரிச்சலும் வயிற்றெரிச்சலும் இரண்டு வருஷமும் அந்தப் பிறவுக்குள் போய் அடங்கிவிட்டது, பரவாயில்லை, இடம் கொடுத்தானே. அமுக்கினேன். திரை வெள்ளையாய் நிற்கிறது. சுற்றுகிறது. பல்லுக்குள் மூடி நறுக்கென்று உடைகிறது. பாஸ் என்று வருகிறது. முதலில் நம்பவில்லை. இன்னொரு தரம் படித்தேன், உதட்டை அசைத்தே படித்தேன், பார்க்கிறவன் பார்க்கட்டும், இனி என்ன செய்வான். மயிரிழையில்தான் தேறியிருக்கிறேன், அந்த விட்டுப்போன கேள்வியோடு இன்னும் ஒன்றிரண்டு போயிருந்தால் அவ்வளவுதான், இருந்தால் என்ன, காகிதத்தில் மயிரிழை தெரியாது. வெளியே அந்தப் பெண் பிரிண்டரிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள், "கங்கிராட்ஸ் மேடம்." மேல் மூலையில் என் போட்டோ. புருவம் முட்டிக்கொண்டு, கேமராவை அடிக்க வருகிற மாதிரி. "நான்தான் அப்பவே சிரிக்கச் சொன்னேன்ல மேடம்" என்கிறாள். "நல்லாத்தான் வந்திருக்குமா" என்றேன். சத்தியமாய் நன்றாகத்தான் வந்திருக்கிறது.

லாக்கரைத் திறந்து போனை ஆன் பண்ணுகிறேன். டெஸ்டர், கிரிம்பிங் டூல், தயிர்சாதம், எல்லாம் பைக்குள். காகிதம் மடியக்கூடாது, சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வேண்டாம், கையிலேயே வைத்துக்கொள்கிறேன். படிக்கட்டில் கால் வைக்கும்போது போன் அடிக்கிறது. தாமு. பேரை மாற்றிப் பதிந்துவைக்க வேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன், இன்னும் தம்பி தாமு என்றே வருகிறது. அடிக்கட்டும். முதல் கூப்பாட்டுக்குத் திரும்பக்கூடாது. நின்றுவிட்டது. நான்கு படி இறங்கினேன். பை வாரைச் சரிசெய்தேன். ஏன் சரிசெய்தேன், அது சரியாகத்தான் இருந்தது. மறுபடி அடிக்கிறது. அடிக்கட்டும். பாதி மனசு. இறங்கினேன். கால் தானாகவே மெதுவாய் நடக்கிறது, இதுவரை நான் கவனிக்கவில்லை, ஒரு படிக்கு ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு இறங்குகிறேன். முதல் மாடித் திருப்பத்தில் மூன்றாவது தடவை அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். "அக்கா? அக்கா, இருக்கீங்களா? பாஷா பாய் சொன்னாரு, இன்னிக்குத்தான் எழுதறீங்கன்னு. முடிஞ்சுதா? பாஸா?" காகிதத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். "பாஸ்தான். பெயிலா இருந்தா இந்நேரம் திட்டியிருப்பீங்க." சிரிக்கிறான், அந்தப் பழைய சிரிப்பு, கடைக்காரன் விலையை விட்டதும் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி சிரிப்பானே அது. "அக்கா, என் பேப்பர் போச்சு, உங்களுக்குத் தெரியும். பேப்பர் இருக்கிற ஆளு தேடிப் பாத்துட்டேன், கெடைக்கல. திங்கக்கிழமை சேந்து போடுவோம். உங்க பேர்லயே போடுவோம். நீங்க என்ன வெல சொன்னாலும் சரி, பழைய மாதிரி நான் கூட நிக்கிறேன். நாலு கட்டடம்க்கா, பாஷா பாயை மட்டும் வச்சுக்கிட்டு எப்படிக்கா பண்ணுவீங்க? கோவம் இருக்கும், இருக்கட்டும், வந்து திட்டுங்க. அக்கா. வாங்கக்கா." இழுத்துச் சொன்னான். விலை விழுந்த சத்தம். எத்தனை வருஷம் கேட்ட சத்தம், என் உடம்புக்கு அது தெரியும், கால் நின்றுவிட்டது, தோள் அரைவாசி திரும்பிவிட்டது, சுவரைப் பார்த்து, யாரும் இல்லாத படிக்கட்டைப் பார்த்து. அவன் சொல்வது நியாயம்தான். நாலு கட்டடம். பாஷா பாய்க்கு ஏணி ஏறினால் மூச்சு வாங்குகிறது. புதிதாய் ஆள் பிடிக்க வேண்டும், பழக்க வேண்டும், அதில் எவன் அடுத்த தாமு என்று தெரியாது. இப்போது சலித்துக்கொண்டே போய் உட்கார்ந்தால் எல்லாம் சுலபம். நடைவழியில் அன்று இந்தக் குரல் வந்திருந்தால் ஓடியே போயிருப்பேன், சலித்துக்கொள்ளக்கூட மறந்திருப்பேன். அன்று அந்தப் பினாயில் வாசத்தில் உள்ளங்கையோடு உள்ளங்கை என்று படித்துக்கொண்டு நின்றவளுக்கு வர வேண்டியது இது, அவள் வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டாள். எத்தனை வசனம் பழகினேன் சிக்னல் சிக்னலாய். ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவனே கொடுத்துவைத்திருக்கிறான் எனக்கு, இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே.

"தாமு" என்றேன். "சொல்லுங்கக்கா" என்றான், ஆசையாய். "நான் போயிட்டேன்னு நெனச்சுக்கோ."

வைத்துவிட்டேன். அந்தப்பக்கம் அவன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது, அதற்குத் திங்கட்கிழமை இருக்கிறது. மீதிப் படியை இரண்டிரண்டாய் இறங்கினேன். கேட்டைத் தாண்டினால் பஸ்ஸும் லாரியும் ஆட்டோவுமாய் இரைச்சல், வெயில் சுள்ளென்று அடிக்கிறது, அம்பத்தூருக்கு நேரமாகிவிட்டது. செருப்பில் நிஜமாகவே ஒரு கல் புகுந்துகொண்டது. நின்று உதறவில்லை. குத்தட்டும் என்று வேகமாய் நடந்தேன், எவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காத தூரத்துக்கு.